எதிர்க்கரை தகுதியற்றது

மினி லாரி ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டரை மணி. பனி இன்னும் விலகவில்லை. இரண்டு ஆட்கள் படகைப் பழைய டயர்களின் மேல் இறக்கி வைத்துவிட்டு லாரியோடு போய்விட்டார்கள். நான் ஸ்கூட்டரை ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்திவிட்டு, குறிப்பேட்டுடன் தள்ளி நின்றேன். ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் எங்கே நிற்பது என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை.

"தேன்மொழிங்களா?" என்றார் படகோட்டி ஜெய்லானி. காளப்பநாயக்கன்பட்டியில் இஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். "போன்ல கேட்டப்ப ஸ்கூல் புள்ளைன்னு நெனச்சேன்."

"எம்.எஸ்சி. முடிச்சிருக்கேங்க."

"அப்பச் சரி. தண்ணிக்குப் பயமில்லீங்களே?"

"இல்லீங்க."

"எனக்கு இருக்குது," என்றார். சிரிக்கவில்லை.

ஏரியில் சுற்றுலாப் படகு விடப் போகிறார்கள். படகை இறக்க மூன்று இடங்களும், பெட்ரோல் நிரப்ப ஓர் இடமும் நான் கண்டுபிடித்து எழுத வேண்டும். கரை சரிவாக இருக்க வேண்டும். அடியில் சேறு கூடாது. பெட்ரோல் கேனை வைக்கச் சமமான தரை வேண்டும். எங்கள் கம்பெனியின் அறிக்கையில் எந்தக் கரை இருக்கிறதோ, அந்தக் கரைக்குத்தான் படகு போகும்.

இந்த ஏரிக்கு ஒரு பழைய அறிக்கை உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன், அவசர உதவிப் படகு எங்கெல்லாம் போய் நிற்கலாம் என்று முடிவு செய்ய எழுதியது. அதில் எதிர்க்கரையைப் பற்றி ஒரே வரி. 'எதிர்க்கரை: சேறும் நீர்க்களையும் உள்ளன, படகு அணையத் தகுதியற்றது.'

அந்த வரியை எழுதியது நான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நாமக்கல்லில் உட்கார்ந்து, ஏப்ரல் மாதச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எழுதினேன். தண்ணீரை ஒட்டி ஒரு பச்சைப் பட்டை தெரிந்தது. களை என்று நினைத்தேன். நேரில் போய்ப் பார்க்க வண்டி கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது. அறிக்கையில் என் பெயர் வரவில்லை. இன்று அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றுதான் இந்த வேலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

படகைத் தண்ணீரில் தள்ளினோம். நானும் ஏறி உட்கார்ந்த பிறகு, தண்ணீர் தொடும் மட்டத்தில் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினார் ஜெய்லானி. அதுதான் வழக்கம். இரண்டு பேருக்குப் படகு எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால், கரையில் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று தெரியும்.

முக்கால் கிலோமீட்டர். ஆறு நிமிடம். பெட்ரோல் அரை லிட்டருக்கும் குறைவு. குறித்துக்கொண்டேன்.

எதிர்க்கரையில் கால் வைத்தேன்.

கட்டாந்தரை. பாதம் ஒரு விரல்கூடப் புதையவில்லை. சீரான சரிவு, அடியில் சரளைக்கல். அந்தப் பச்சைப் பட்டை இருந்த இடத்தில் கேழ்வரகுத் தாள்கள் காய்ந்து நின்றன. கோடையில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காயும் முன் இவர்கள் கரையில் கேழ்வரகு விதைக்கிறார்கள். நான் களை என்று எழுதியது இவர்களுடைய சோறு.

ஏரியிலேயே படகு இறக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பறவைச் சத்தம் இல்லை. அக்கரையில் இருந்தது. இங்கே இல்லை. காய்ந்த தாள்களின் வாசனைக்கு நடுவே பச்சிலை அரைத்த கசப்பு வாடை ஒன்று லேசாக வந்தது. யாரும் எதையும் அரைக்கவில்லை.

மேட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. கயிறு பாதி இற்றுப்போய், கால்கள் மண்ணில் இறங்கியிருந்தன. கேனை வைக்கச் சமமாக இருந்தது. அதன்மேல் வைத்து, புனல் போட்டு, படகின் சிறு டேங்கை நிரப்பினேன். 'எரிபொருள் நிரப்பும் இடம்: பொருத்தமானது' என்று எழுதினேன். களைப்பாக இருந்ததால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தும் எழுதினேன்.

"அதுமேல உக்கார்றதில்லீங்க, கண்ணு."

பின்னால் ஒருவர் நின்றார். தோளில் மண்வெட்டி. பெயர் சின்னக்கண்ணு என்றும், மேலே தெரிகிற ஊடு அவருடையது என்றும் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"ஆளத் தூக்கிட்டு வந்த கட்டில ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகமாட்டோமுங்க. உசுரு எங்க போச்சோ அங்கயே உட்டுருவோம். எதையும் அதுமேல வெக்கறதில்ல. வெச்சா, எடுத்துக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்கன்னு நெனச்சுக்குமாம்."

"யாருங்க?"

"எம் பொண்டாட்டி. அம்சவேணி." ஏரியைப் பார்த்தபடி பேசினார். "மொளகுக் கொடிக்கிட்ட பாம்பு கடிச்சுருச்சு. காட்டுப் பாதைல சுத்திப் போனா எட்டு கிலோமீட்டரு. எதுத்தாப்புல அவசரத்துக்குன்னு உட்ட போட்டு நிக்குது. பத்து நிமிசந்தான்னு இங்க கொண்டாந்து வெச்சோம். வேட்டிய அவுத்து மூங்கில்ல கட்டி ஆட்டுனேன். அந்தக் கரைல ஆளு நிக்கறது தெரியுது. அவரும் பாக்கறாரு. போட்டு வரல. அஞ்சு மணி நேரமுங்க. கால்ல பச்சில அரச்சு வெச்சுத் துணியக் கட்டிட்டு, வந்துருச்சா, வந்துருச்சான்னு கேட்டுட்டே கெடந்தா."

என்னால் குறிப்பேட்டை மூட முடியவில்லை.

"சேறுன்னு எவனோ எழுதிட்டானாமா." கட்டாந்தரையை மண்வெட்டியால் ஒரு தட்டு தட்டினார். கல்லில் பட்ட சத்தம். "இதுங்க சேறு."

"இந்தத் தடவை சரியா எழுதிடறேங்க," என்றேன். "இங்க படகு வருமுங்க."

"வந்தாச் சரி, சாமி. மேல ரெண்டு மாசக் கொழந்த ஒண்ணு இருக்குது. எந்தம்பி ஊட்டுல."

ஜெய்லானி படகைவிட்டு இறங்கவே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது நான் முன்பலகையில், அவர் பின்னால் இஞ்சின் அருகே. நடுப்பலகை காலி. கரையைத் தள்ளியதும் இஞ்சின் சத்தம் மாறியது. மூச்சு வாங்குவது போல ஒரு இழுப்பு.

"களை சுத்திருச்சுங்களா?" என்றேன்.

"இங்க ஏதுங்க களை."

எட்டி வெளிப்பக்கம் பார்த்தேன். சிவப்பு டேப் தெரியவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தடவினேன். இரண்டு விரல் ஆழத்தில் இருந்தது.

ஓட்டை இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கும். படகின் தளம் உலர்ந்திருந்தது. கேனில் குறைந்த பெட்ரோல் டேங்குக்குத்தான் போயிருந்தது. எடை கூடவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், இரண்டு விரல்.

ஒரு ஆள் எடை.

பச்சிலை வாடை இப்போது என் பிடரிக்குப் பின்னால் இருந்தது.

"தேன்மொழி," ஜெய்லானியின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "திரும்பாதீங்க. கரையப் பாத்துட்டே வாங்க."

பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு நிமிடம் பதினொன்றாகியது.

கரை தட்டியதும் நான் முதலில் இறங்கினேன். படகு ஒரு குலுக்கலோடு மேலே வந்தது. ஒருவர் இறங்கியதற்கு அவ்வளவு உயராது. டேப், தண்ணீருக்கு மேலே, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

ஈர மண்ணில் என் செருப்புத் தடம். அதன் பக்கத்தில் ஒரு வெறுங்கால். இடதுகால் மட்டும். வலப்பக்கம், எதையோ இழுத்துக்கொண்டு போனது போல ஒரு கோடு.

நான்கு அடி தூரத்தில் கட்டாந்தரை. அதற்கு மேல் தடம் இல்லை.

ஜெய்லானி இஞ்சினை அணைத்தார். பிறகு சொன்னார்.

"நடுவுல யாருமில்லீங்க. ஆனா பலகை வளைஞ்சிருந்துச்சு."

நான் மண்ணில் இழுபட்டிருந்த கோட்டைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அந்த அவசரப் போட்டோட இந்தக் கரைல நின்னவன் நாந்தான். வேட்டி ஆடுறதப் பாத்தேன். ஆபீஸுக்குப் போன் போட்டேன். லிஸ்ட்டுல அந்தக் கரை இல்லை, போனா நீதான் பொறுப்பு, பெட்ரோலும் எடுக்கக்கூடாதுன்னாங்க. அந்த வரியப் படிச்சே காட்டுனாங்க. எனக்கு அது மனப்பாடம். சேறும் நீர்க்களையும் உள்ளன." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போயிருக்கோணும். போகல. அது எம் பாவம். ஆனா அத எழுதுனவன் ஒரு நாளாவது அந்த மண்ணுல கால வெச்சிருப்பானாங்க?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்க," என்றேன்.

பிற்பகலில் மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. மேலதிகாரி அருணாசலத்துக்குப் போன் செய்து, எதிர்க்கரைதான் சிறந்த இடம் என்றேன்.

"ஏம்மா, அது தகுதியில்லாத கரைன்னு நம்ம பழைய அறிக்கைலயே இருக்கே."

"அது தப்பு சார். நான்தான் எழுதினேன். போய்ப் பாக்காம எழுதினேன்."

"அத என்கிட்ட சொன்ன மாதிரி வேற யாருகிட்டயும் சொல்லிராதே. அங்க ஒரு சாவு நடந்திருக்கு. இப்ப நல்ல கரைன்னு எழுதுனா, அப்ப ஏன் இல்லைன்னு எழுதுனேன்னு கேட்பாங்க. கேசு வரும். உன் பேரு வரும். பழைய வரியே இருக்கட்டும். நாலு மணிக்குள்ள அனுப்பு."

"சார், அங்க ஆளுங்க இருக்காங்க."

"அவங்க சுத்திப் போய்ப் பழக்கப்பட்டவங்கம்மா."

மடிக்கணினியைத் திறந்தேன். இந்தக் கரையில் மூன்று இடங்கள் எழுதினேன். எதிர்க்கரை என்று தட்டிவிட்டு நிறுத்தினேன். மூன்று ஐம்பது வரை அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்து ஒட்டினேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று வந்தது.

ஜெய்லானியிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்கூட்டர் தானாக இறங்க வேண்டும். பிரேக்கைத் தொட்டாலே போதும். அன்று ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது. சாயத் தெரியாத ஒருவரைப் பின்னால் ஏற்றினால் அப்படித்தான் இருக்கும். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பாதி வழியில் அதைக் கையாலேயே மடக்கிவிட்டேன்.

காலையில் நிரப்பிய பெட்ரோல் போய்வரப் போதுமானது. அடிவாரத்துக்கு வரும்போது முள் கீழே விழுந்திருந்தது. பங்க்கில் நான்கைந்து வண்டிகள் நின்றன. வெயில் இன்னும் இருந்தது. மனிதர்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரப் பார்த்தது. வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கி வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பெட்ரோல் போடும் அம்மா கை காட்டினார்.

"ரெண்டு லிட்டருங்க."

"போடறேன், கண்ணு. சீட்டத் தூக்கோணும். அக்காவ எறங்கச் சொல்லு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியது.

"ஏனுங்க அக்கா, கால்ல என்ன கட்டு? பாம்பா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆசுபத்திரிக்குத்தான கூட்டிட்டுப் போறே?"



"ஆமாங்க," என்றேன்.

"ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்குங்க. அவசரம்."

வெளியே போகும் வழியில் நின்ற வண்டிகள் ஒதுங்கின. ஒருவரும் எதையும் கேட்கவில்லை. உடனே வழி விட்டார்கள்.

அந்த அம்மா வெற்று வெளியில் கை நீட்டி எதையோ தாங்கி இறக்கினார். சீட்டைத் தூக்கி, இரண்டு லிட்டர் போட்டு, மூடினார். மறுபடியும் தாங்கி ஏற்றினார்.

"பாத்து. மெதுவா."

வண்டியின் பின்பக்கம் ஸ்பிரிங் முனகிக்கொண்டு கீழே இறங்கியது.

"சீக்கிரம் போ, கண்ணு," என்றார், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "ஒடம்பு சில்லுனு இருக்குது."