கை படக்கூடாது

நவம்பர் 19. ஒரு சின்னத் தவறு: நீள அச்சுக்கம்பி ஒன்றைக் குட்டைக் கம்பிகளின் தட்டில் போட்டுவிட்டேன். நாளை எடுத்துச் சரியான தட்டில் போட வேண்டும்.

கிராட்சியான் குறிப்பேட்டில் அவ்வளவுதான் எழுதினான். அன்று செய்த பெரிய காரியத்தை எழுதவில்லை.

அண்ணன் கோர்னெலும் அவனும் ஒரு வருடமாகச் சேர்ந்து கட்டிய ரிமோட் வண்டி அது. பொம்மை செட்டின் பிளாஸ்டிக் துண்டுகள்தான். ஆனால் ஒரு பூனை அளவு, பூனையை விடக் கனம். பைதம் ஊரில் சுரங்கக் கழிவைக் கொட்டிய கரிமேட்டில், சரளையும் சேறும் பார்க்காமல் நிதானமாக ஏறும். சனிக்கிழமை அந்த மேட்டில்தான் போட்டி. பெயர்ப் பட்டியலில் கோர்னெல் தன் பெயரை மட்டும் கொடுத்திருந்தான்.

அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த கிராட்சியான் வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து, அளவுவாரியாகத் தட்டுகளில் அடுக்கினான். ஆத்திரம் அடங்கவில்லை. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் மோட்டாரின் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட்டுகள் நான்கையும், முன்னுக்குச் சிறியவை இரண்டு, பின்னுக்குப் பெரியவை இரண்டு, கரி அடுப்பில் போட்டான். அவை இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கறுப்பாக உருகி வழியும்வரை நின்று பார்த்தான்.

மறுநாள் மாலை டிராம் பணிமனையில் வேலை முடிந்து, கரிப்புகை தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தேங்கியிருக்க, கையுறைக்குள்ளும் விறைத்த விரல்களால் கதவைத் திறந்தபோது, சமையலறையில் எரிந்த பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் ஈர வாடை ஒன்றும் இருந்தது, புதிதாக வெட்டிய இறைச்சிபோல. மேசைமேல் முன் அச்சின் இடது பாதி பொருத்தப்பட்டு நின்றது. அவன் தட்டு மாற்றிப் போட்டிருந்த நீளக் கம்பிகூடச் சரியான இடத்தில் இருந்தது.

வீட்டின் இன்னொரு சாவி கோர்னெலிடம் இருந்தது. போனை எடுத்தான்.

"என் வீட்டுக்குள்ள வந்தியா?"

"நான் எங்கடா வர்றது? ஜெர்மனியில வேலையில இருக்கேன். வெள்ளிக்கிழமைதான் பஸ் ஏறுவேன்."

"வண்டியப் பிரிச்சுட்டேன். ஜாயின்டெல்லாம் அடுப்புல போட்டுட்டேன்."

கோர்னெல் சிரித்தான். "போட்டிருப்ப. ஆனாலும் சனிக்கிழமை வண்டி நிக்கும் பாரு. ஒரு பொருளப் பிரிச்சபடி விட்டுட்டு உன்னால தூங்க முடியாதுடா. சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான்."

"என் பேர ஏன் போடல?"

"போன தடவ மேட்டுல கை வெச்சது யாரு? கவிழ்ந்தா கவிழட்டும்னு விடவேண்டியதுதான? கை பட்டா பாயின்ட் போச்சு. கை வெக்கிறவன் பேரெல்லாம் எழுத முடியாது தம்பி."

கிராட்சியான் போனை வைத்தான். காது மடல் எரிந்தது. கவிழ்ந்தால் அச்சு முறிந்திருக்கும். அதைக் காப்பாற்றத்தானே கை வைத்தான்! கையுறையைக்கூடக் கழற்றாமல் மேசைமேல் இருந்ததைப் பிடித்து முறுக்கினான். ஏதோ நறுக்கென்றது. இடது கையில் தோள்வரை வலி பாய்ந்தது. சுண்டுவிரல் மடங்க மறுத்தது. வேகமாக முறுக்கியதில் சுளுக்கியிருக்கும் என்று, அச்சை இழுப்பறைக்குள் வீசிப் பூட்டிவிட்டு, கையுறையோடு படுத்தான். தன்மேல்தான் தப்போ என்று ஒருமுறை தோன்றியது. அந்த நினைப்பும் ஆத்திரமாகவே மாறியது.

காலையில் கதவை இடித்தது கீழ்வீட்டு ரோஸாலியா அம்மா.

"விடியறதுக்கு முன்னாடி என்னத்தப்பா உருட்டுற? என் வீட்டுக்காரர் சுரங்கத்துல கரி வெட்டுனப்பக்கூட எனக்கு இவ்வளவு சத்தம் கேக்கல!"

"நான் தூங்கிட்டிருந்தேம்மா."

"அப்ப உன் தூக்கத்துக்கு எண்ணெய் போடு. கிறீச்சிடுது."

அன்று முழுவதும் வலது சுண்டுவிரலும் மரத்திருந்தது. டிராம் பணிமனையில் ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. குளிர்தான் என்று கையுறையைக் கழற்றவே இல்லை.

மாலையில் கதவைத் திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. மோட்டாரின் தாழ்ந்த முனகல், கூடவே தரையில் எதையோ இழுக்கும் உரசல், நிறுத்தி, மறுபடி உரசல். உள்ளே விளக்கைப் போட்டான்.

சட்டகம். மோட்டார். முன் அச்சு முழுதாக. பின் அச்சு இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் மட்டுமே இழுக்க, பின்பாதி தரையில் தேய்ந்துகொண்டே வந்தது.

இழுப்பறை திறந்திருந்தது. பூட்டில் சாவி. அந்தச் சாவியைக் காலையில் அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போயிருந்தான். வண்டியின் பேட்டரியையும்தான்.

"போதும்," என்று கத்தினான். "இது என் வண்டி. நான் கட்டினது. நான் உடைப்பேன்!"

சுத்தியலை எடுத்தான். பிடி நிற்கவில்லை. நழுவி விழுந்தது. கையுறைகளைக் கழற்றினான்.

சுண்டுவிரல்கள் இரண்டும் தொங்கின. காயமில்லை. ரத்தமில்லை. உள்ளே எலும்பே இல்லாமல், துணிபோல மடங்கி, மெல்ல ஆடின.

வண்டி முன்சக்கரங்களைத் திருப்பியது. இடம். வலம். அச்சின் இரு முனையிலும், ஜாயின்ட் இருக்கவேண்டிய இடத்தில், ஈரமாக, வெளுப்பாக ஏதோ சுழன்றது. வழுக்காமல். மிகச் சரியாக. தான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை என்று ஒரு கணம் தோன்றியது.

உதைத்துத் தள்ளலாம். உதைத்தால் எங்கே வலிக்கும்?

நெருங்கியது. ஷூவின் மேல் ஏறியது. அவசரமே இல்லை. அது ஏறுவதற்கென்றே கட்டியது. கரிமேட்டில் ஏறுவதுபோலவே கணுக்காலைப் பற்றி, முழங்காலை நோக்கி நிமிர்ந்து நின்றது. அவன் கை வைக்கவில்லை.

மேசைமேல் குறிப்பேடு திறந்திருந்தது. மை இன்னும் காயவில்லை. கையெழுத்து அவனுடையது.

நவம்பர் 21. முன் அச்சு முடிந்தது. தவறு எதுவும் இல்லை.

நாளைய வேலை: பின் அச்சு. பெரிய ஜாயின்ட் இரண்டு.