பதினொரு பேருக்கு எள்ளுத்தண்ணீர்

“நான் ஏனப்பா பிள்ளையாரைத் திருப்பிறன்? எனக்கென்ன விசரே?”

“அப்ப நான் திருப்பினனானோ? விடிய விளக்கு வைக்கப் போறன், பிள்ளையார், முருகன், லட்சுமி மூண்டு பேரும் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கினம். பள்ளிக்கூடத்தில குழப்படி செய்த பிள்ளையள் மாதிரி!”

ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில், இந்தப் பழைய பலகை வீடுகளில் ஒரு வசதி. சுவர் மெல்லியது. யோகராணி குரலை உயர்த்தினால் ரயில் நிலையத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். அன்று காலை அதுவும் போதாமல், குப்பைப் பையை வெளியே வைக்கும் சாட்டில் நாங்கள் இரண்டு மூன்று பேர் வேலியோரமே வந்து நின்றுவிட்டோம்.

“சொந்தத் தேப்பனுக்கு ஒருக்கா எள்ளுத்தண்ணி இறைச்சிருப்பியளோ? ஆரோ வெள்ளைக்காரிட பூட்டன் பூட்டிக்கு இறைக்கிறார் இவர்! அதுவும் ஆடி அமாவாசையில!”

“அப்பாவுக்கு அண்ணர் கனடாவில செய்யிறார்.” அவள் புருஷன் விநாயகமூர்த்தியின் குரல் தாழ்ந்தது. “இதுகளுக்கு ஆர் இருக்கினம், சொல்லும்?”

யோகராணி குசினிக்குள் போய்ச் சட்டிகளை உருட்டினாள். நாங்கள் குப்பைப் பையைத் தெருவோரம் கொண்டுபோனோம்.

விநாயகமூர்த்தி யாழ்ப்பாணத்தில் காணிப்பதிவுக் கந்தோரில் இருந்தவர். நூறு வருடத்துக் காணி உறுதியில் பூச்சி அரித்த எழுத்தையும் கண்ணாடி போடாமல் வாசித்தவர், ஆக்லாந்துக்கு வந்து பிளாஸ்டிக் வாளிகளுக்குக் கைபிடி மாட்டினார். முந்திய வருடம், தொண்ணூற்றைந்தில், யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது ஊர் வீட்டோடு அவருடைய குடும்பத்து உறுதிகளும் போயின. பாட்டனாருக்கு மேலே ஒரு பெயர் அவருக்குத் தெரியாது. அந்த வெறுமையோடு சனிக்கிழமைகளில் நூலகத்தில் போய் இருந்தவரைத்தான் மிஸ் தோர்ன்பி என்ற, பக்கத்து டிட்டிராங்கிப் பகுதிக் கிழவி பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தன் முன்னோரைத் தேடும் பைத்தியம். பழைய பதிவேடுகளின் மைக்ரோஃபில்மில் தெரியும் கோணல் எழுத்தை இவர் தண்ணீர்பட்ட பாடாக வாசிப்பதைக் கண்டதும், முழு வேலையையும் தூக்கி இவர் தலையில் வைத்தாள்.

அவளுடைய முன்னோர் பியூரிட்டன்கள். கோயிலில் சிலை கூடாது, சித்திரம் கூடாது, வாத்தியம் கூடாது, பண்டிகை கூடாது என்று பிடிவாதம் பிடித்து, இங்கிலாந்தில் இருக்கமுடியாமல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்கள். ‘சிரிப்பும் கூடாதோ’ என்று நாங்கள் கேட்டோம். விநாயகமூர்த்தி சிரிக்கவில்லை. ஒரு குடும்பம் அவர் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. 1638இல் ஒரே கப்பலில் போன பதினொரு தோர்ன்பிகள். கிழவர் ஒருவர், மகன்மார், மருமக்கள், பிள்ளைகள். கரை இறங்கிய முதல் குளிர்காலத்திலேயே பசியிலும் காய்ச்சலிலும் பதினொரு பேரும் முடிந்துபோனார்கள். மிஸ் தோர்ன்பி, அந்தக் கிழவருக்குப் பிறகு கப்பலேறி வந்த அவருடைய தம்பியின் வழி. இந்தப் பதினொரு பேருக்கும் வழியே இல்லை. பட்டியலில் கடைசியாக இருந்த பெயர் ஒரு சின்னப் பெண்ணுடையது. வயது நான்கு.

முந்நூற்றைம்பது வருடம் ஒருவர் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லையே என்று மனுஷனுக்கு இரக்கம். ஆடி அமாவாசையன்று மழைக்குள் பின்வளவில் நின்று, அடுப்படிக் கிண்ணத்தில் எள்ளும் தண்ணீரும் வைத்து, பதினொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லி இறைத்தார். சோறு வைத்தார். இந்த நாட்டில் எங்களுக்கு வாய்க்கும் காகம் ஏது? கடற்பறவையும் மைனாவும்தான் நம் பிதிர்கள். அன்று அவையும் சோற்றுக்குக் கிட்ட வரவில்லை. வேலிமேல் வரிசையாக இருந்து பார்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து போய்விட்டன.

மாலையில் சோற்றுத் தட்டு துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

அடுத்த காலை அந்தச் சண்டை முடிந்து, பிள்ளையாரை நேரே திருப்பி வைத்த யோகராணி, அன்று முழுவதும் அதைப்பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பேக்கரியில் பாணை வெட்டினாள். மறுநாள் காலையும் மூவரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். அதற்கடுத்த நாளும். பிறகு அவள் சத்தம் போடுவதை விட்டுவிட்டாள். அதுதான் எங்களுக்கு முதலில் உறுத்தியது.

குளிர்காலத்தில் இங்கே எல்லா வாடகை வீட்டு ஜன்னலும் காலையில் வியர்க்கும். துவாயால் துடைத்துப் பிழிவது எங்கள் எல்லாருக்கும் சுப்ரபாதம் மாதிரி. ஆனால் யோகராணி வீட்டு முன்னறைக் கண்ணாடி வேறுவிதமாகப் பனித்தது. முழுக் கண்ணாடியும் தெளிந்திருக்க, அங்கங்கே தட்டை வட்டங்கள், யாரோ கண்ணாடிக்கு மூக்கைக் கொண்டுபோய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றதுபோல. அவள் துடைத்தாள். வட்டங்கள் உள்பக்கத்தில்தான் இருந்தன. துடைத்த துவாயை முகர்ந்தபோது நனைந்த கம்பளியும் உப்புநீரும் அணைத்த மெழுகுதிரியும் கலந்த வாசம் வந்தது. வீட்டில் அப்படி எந்தக் கம்பளியும் இல்லை.

பிறகு பாட்டு. மழை ஓய்ந்த மத்தியானங்களில், வீட்டில் அவள் மட்டும் இருக்கும்போது, விநாயகமூர்த்தி வம்சாவளிப் படத்தை ஒட்டிவைத்திருந்த அறையிலிருந்து முதலில் ஒரு கிழட்டு ஆண்குரல் ஓர் அடியைச் சொல்லும்; அதன்பிறகு பல குரல்கள் அதே அடியை வாத்தியமில்லாமல், தாளமில்லாமல், ஒவ்வொன்றும் தன் தன் பாட்டுக்கு இழுத்து இழுத்து, ஆழமான கிணற்றுக்குள்ளிருந்து கயிறு இழுப்பதுபோல மேலே கொண்டுவரும். கதவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. குளிர் மட்டும்.

இதையெல்லாம் அவள் தாங்கியிருப்பாள். மகள் மாறினாள், அதைத்தான் தாங்கமுடியவில்லை.

பிரணவிக்கு அப்போது பத்தொன்பது. தொப்புள் தெரியும் சட்டை, எந்நேரமும் டெலிபோன், தாய் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் அரைப்பதில் என்று எங்கள் பிள்ளைகளைப்போல நல்ல ஆரோக்கியமாக இருந்த பெண். ஆடி அமாவாசை கழிந்து இரண்டு கிழமையில் டெலிபோன் மணி அடிப்பது நின்றது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய கறுப்புச் சட்டை. வகுப்பு முடிந்தால் நேரே ரயில், நேரே வீடு. டிவி இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து வீடு கூட்டுகிறாளாம்!

நாங்கள் பொறாமையில் வெந்தோம். முன்வீட்டு அன்னம்மா, மலேசியாக்காரி, நேரேயே கேட்டாள்.

“யோகா, என்னா மந்திரம் போட்ட? என் சுரேகா பாதியாச்சும் இப்படி இருந்தா பத்துமலைக்குக் காவடியே எடுத்திருவேன் லா!”

யோகராணி சிரித்துச் சமாளித்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது: பொட்டு வைக்கப்போன தாயின் கையை மகள் மெதுவாக விலக்கினாள். கோபமில்லை. கிழவி குழந்தையை விலக்குவதுபோல. விலக்கிய விரல்கள் கடலுக்குள் கிடந்து எடுத்தவை மாதிரிச் சில்லிட்டிருந்தன.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழன். பின்னேரம் ஆறேகால். யோகராணி வேலை முடிந்து வந்தபோது தெருவிளக்குகள் எரிந்தன, எங்கள் எல்லார் வீட்டிலும் வெளிச்சம் இருந்தது, அவள் வீடு மட்டும் இருட்டு. கதவைத் திறந்தாள். அவித்த பட்டாணி மணந்தது. அதன் அடியில் அந்தக் கம்பளி வாசம், இந்தமுறை நெருக்கமாக, கூட்டமான பஸ்ஸுக்குள் ஏறியதுபோல.

சாப்பாட்டு மேசையில் வீட்டிலுள்ள அத்தனை தட்டும் பரப்பியிருந்தது. எவர்சில்வர் தட்டு, பீங்கான், பிக்னிக்குக்கு வாங்கிய பிளாஸ்டிக், போதாததற்குப் பானை மூடி. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி பட்டாணி, ஒரு துண்டுப் பாண்.

பிரணவி மேசைத் தலைமாட்டில் நின்றாள். கை கூப்பவில்லை, கோர்த்திருந்தாள். வெள்ளைச் சமையலறைத் துவாயால் தலைமுடி முழுவதையும் மூடிக் கட்டியிருந்தாள்.

“பிள்ளை... ஆருக்கம்மா இவ்வளவும்?”

“ஷ். அம்மா, ப்ளீஸ்.” குரல் அன்பாக இருந்தது. “தே ஆர் பிரேயிங்.”

யோகராணி சுவிட்சைத் தேடினாள். கை சுவரில் வழுக்கியது. ஈரம். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு. அந்த வெளிச்சத்தில் கண்ணாடி.

ஒரு வட்டம் பனித்தது. மங்கியது. பனித்தது.

பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று.

எண்ண விரும்பவில்லை. எண்ணினாள். பதினொன்று. கடைசி மிகத் தாழ்வில், ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி.

எல்லாம் ஒன்றாகப் பனித்தன. ஒன்றாக மங்கின. ஒரே மூச்சு. மகளின் தோள்களைப் பார்த்தாள். அவையும் அதே நேரத்தில் எழுந்தன. அதே நேரத்தில் தாழ்ந்தன.

அவள் வெளியே ஓடிவந்து அன்னம்மாவின் கதவைத் தட்டியதையும், ஒரு பிளேன்டீயைக் குடித்து முடித்ததையும், பிறகு எல்லாவற்றையும் கொட்டியதையும் தெரு அறியும். அன்னம்மாவிடம் சொன்னது ரேடியோவில் சொன்ன மாதிரி.

மறுநாள் யோகராணி கோயில் ஐயருக்கு டெலிபோன் எடுத்தாள். ஐயர் முழுக் கதையையும் கேட்டார்.

“கூப்பிட்டவரே அனுப்பட்டும் ஐயா. இவர் திரும்ப அந்தப் பேரெல்லாம் சொல்லி...”

“எங்கை பிள்ளை அனுப்புறது? வந்த ஆக்களுக்குப் போறதுக்கு ஒரு வீடு வேணும். சந்ததி இல்லாததுகள். தண்ணி விட்டவன்தான் அதுகளுக்குப் பிள்ளை. இனி அதுகள் உங்கட வீட்டு ஆக்கள்.”

“என்ரை பிள்ளை?”

“அவையின்ரை பேத்தி.”

விநாயகமூர்த்தி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே வம்சாவளிப் படத்தைச் சுருட்டித் தோர்ன்பிக் கிழவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். காரியத்துக்கு உதவவில்லை. சுவரில் படம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது; பாட்டு அந்த வெள்ளையிலிருந்து வந்தது.

ஐயர் போனை வைக்கும்முன் ஒன்று சொல்லியிருந்தார். பெண்பிள்ளை தாலி ஏறினால் வேறு குடி. பிறகு அவள் புருஷன் வீட்டுப் பிதிர்களுக்குத்தான் உரித்து. அந்த ஒரு சொல்லை யோகராணி வெள்ளத்தில் போகிறவள் கட்டையைப் பிடித்ததுபோல் பிடித்தாள். ஒன்றரை வருடம் கனடாவுக்கும் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சாதகம் அனுப்பினாள். ‘பிள்ளைக்கு என்ன அவசரம்’ என்று நாங்கள் கேட்டோம். வேறு காரணம் இருக்கும் என்று விரல்விட்டு மாதமும் எண்ணினோம். எங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மெல்பர்னில் கணக்காளராக இருந்த திலக்சன் பொருந்தினான். பெண் பார்க்க வந்தபோது பிரணவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: குடிப்பாரா? இல்லை என்றான். தலையசைத்தாள். மாப்பிள்ளையின் தாய் மேளம் அடிக்காத குறையாக மகிழ்ந்தாள்.

1998 தையில் ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதி மண்டபம் ஒன்றில் கலியாணம். பெண்பக்கம் நாங்கள் தெருக்காரர்தான் சொந்தம். பிரணவி நகை போடச் சம்மதித்தாள், பொட்டுக்கும் சம்மதித்தாள், யோகராணி அழுதுவிட்டாள். தாலி ஏறியபோது அவள் மகளைப் பார்க்கவில்லை, மண்டபத்து ஜன்னல்களைப் பார்த்தாள். நல்ல வெயில். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் முன்னறையில் நின்று மூச்சை இழுத்தாள். காய்ந்த மரவாசம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனுஷனோடு சண்டை பிடித்தாள், வாடகைக்கு எடுத்த கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று. கேட்க எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் மெல்பர்னுக்குப் புறப்பட்டார்கள். விமானநிலையத்தில், பயணிகள் மட்டும் போகக்கூடிய இடத்தில், தானாகத் திறந்து மூடும் கதவு. பிரணவி தாயைக் கட்டிப்பிடித்தாள். கை சூடாக இருந்தது. “பை, அம்மா,” என்றாள். திலக்சன் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னே போக, அவள் பின்னே போனாள். கதவு மூடத் தொடங்கியது.

திறந்தது.

யாரும் இல்லை. மூடப்போனது. திறந்தது. பக்கத்தில் நின்ற காவலாளி கதவை அண்ணாந்து பார்த்தான். விநாயகமூர்த்தி கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். திறந்தது. திறந்தது. யோகராணி அசையவில்லை, உதடு மட்டும் எண்ணியது.

பத்தோடு கதவு நின்றது. மூடத் தொடங்கி, முக்கால்வாசி மூடி, பிறகு, கதவுக்கு மேலே ஆளைப் பார்த்துத் திறக்கும் அந்த மின்கண்ணுக்கு நான்கு வயதுச் சின்னவர்கள் உடனே தெரிவதில்லை, திடுக்கிட்டதுபோல் முழுதாகத் திறந்து வழிவிட்டது.

திலக்சனும் பிரணவியும் மெல்பர்னில் வீடு வாங்கிவிட்டார்கள். அன்னம்மாவின் சுரேகா ஒரு வெள்ளைக்காரனைக் கட்டினாள். விநாயகமூர்த்தியும் யோகராணியும் பக்கத்து ஹென்டர்சன் பகுதிக்கு மாறிப்போனார்கள். அங்கே ஒரு சத்தமும் இல்லையாம். வாரம் ஒருமுறை மகள் டெலிபோன் எடுக்கிறாள். யோகராணி பேசுவது குறைவு. மகளின் குரலுக்குப் பின்னால் ஒரு கிழவன் ஓர் அடியைச் சொல்லி, மற்றவர்கள் அதைத் தொடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். போன மாதத்திலிருந்து அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளையின் குரலும் கேட்கிறது.