கிடாருக்குள் ஒரு ஒட்டு!

டெலிபோன் அலறியது!

பசைக் கையோடு ரிசீவரை எடுத்தாள் வில்மா. கிடார் ரிப்பேர் கடை வைத்திருப்பவள்.

"வில்மா! நான்தான் ஹாங்க். பழைய கிடார் கண்காட்சியிலேர்ந்து பேசறேன். செத்துப்போன லீலண்டோட கிடார் மாதிரியே ஒண்ணு இங்க விலைக்கு வந்திருக்கு... உடனே வா!" என்றான் அவளுடைய சிநேகிதன்.

வில்மா கைப்பசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

நான்கு மாதத்துக்கு முன்... கலமசூ நகரத்தில் பழைய கிடார்களைச் சேகரித்துவந்த கிழவர் லீலண்ட், தன் வீட்டுக் கூடத்தில் மண்டை பிளந்து கிடந்தார். அவருடைய இரண்டாம் உலக யுத்த காலத்துக் கிடார் மாயம்! காலிப் பெட்டியின் மேல் கைரேகை... வில்மாவின் தம்பி நோலனுடையது.

இருக்காதா பின்னே? கடையில் ரிப்பேர் முடிந்த கிடாரை முந்தின நாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தவனே அவன்தான்!

திங்கட்கிழமை விசாரணை. ஆயுள் தண்டனைதான் என்று வக்கீலே உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

அரை மணி நேரத்தில் அரங்குக்குள் நுழைந்தாள் வில்மா. கூடவே, இழுத்த இழுப்புக்கு வந்த சார்ஜென்ட் மேபரி. நோலனை உள்ளே தள்ளியவர் சாட்சாத் அவர்தான்.

"தம்பிப் பாசம் கண்ணை மறைக்குது வில்மா. அஞ்சு நிமிஷம்தான்... கிளம்பிடணும்."

அந்தக் கிடாரில் '1943' என்று அட்டை தொங்கியது. பக்கத்தில் வியாபாரி க்ளிஃப்டன். சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது.

"தாராளமா பாருங்க மேடம். எங்க அத்தை அலமாரியில அம்பது வருஷமா தூங்கின சரக்கு. ஒருத்தரும் கை வெச்சதில்ல!"

வில்மா ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கிடாரின் கழுத்தில் ஓட்டினாள். ஒட்டவில்லை.

"இது என்ன வித்தை?" என்றார் சார்ஜென்ட்.

"யுத்தத்துல இரும்பெல்லாம் பீரங்கிக்குப் போயிடுச்சு. கழுத்துக்குள்ள வைக்க கம்பி கிடைக்கல. காந்தம் ஒட்டினா இந்த வருஷமே பொய்."

கழுத்தைத் திருப்பினாள். மரத் தட்டுப்பாட்டில் மேப்பிள் மரத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. அதுவும் சரி...

முன்பலகையைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"லீலண்டோடது நாலு துண்டு சேர்த்த பலகை. இது ரெண்டே துண்டு..."

"அப்ப இது அது இல்ல. போலாமா?"

"ஒரே நிமிஷம் சார்ஜென்ட்!"

பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியைக் கிடாரின் வயிற்றுக்குள் விட்டு, டார்ச் அடித்தாள்.

உறைந்துபோனாள்!

உள்ளே ஒரு சின்ன மரத்துண்டு. கோணலாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் பசை வழிந்திருந்தது.

"இந்த ஒட்டு..."

"அதுதான் மேடம் அழகே! ஆம்பளைங்க சண்டைக்குப் போயிட்டாங்க. பொம்பளைங்க அவசர அவசரமா ஒட்டினது. கோணலா இருந்தாத்தான் நாப்பத்து மூணு!"

"அந்தப் பொம்பளைங்க வேலை சுத்தமா இருக்கும் மிஸ்டர். அதுக்கப்புறம் வேற யாரும் கை வைக்கலையே?"

"அத்தை மேல சத்தியம்!"

வில்மா திரும்பினாள். அரங்கமே அதிரக் கத்தினாள்.

"சார்ஜென்ட்! பிடிங்க இவனை! லீலண்டோட கிடார்தான் இது! இந்த ஒட்டு என் கடையில போட்டது!"

"ரெண்டு துண்டுன்னு நீங்கதானே..." என்று இழுத்தார் சார்ஜென்ட்.

"பலகை கிடக்கட்டும்! இந்தக் கோணல், இந்தப் பசை... எந்தக் கோர்ட்லயும் சத்தியம் பண்றேன்!"

சார்ஜென்ட்டின் கை விலங்குக்குப் போனது. கூட்டம் கூடியது. க்ளிஃப்டனின் முகம் வெளுத்தது.

"ஐயோ, இல்ல சார்! திருட்டு மாலே இல்ல! இது... இது நானே செஞ்சது!"

"என்னது?"

"புது மரம் சார்! போன மாசம்தான் வார்னிஷ் அடிச்சேன். பழசாத் தெரியக் காப்பித் தண்ணி பூசினேன். பாருங்க!" பேனாக்கத்தியால் வறட்டு வறட்டென்று சுரண்டினான். வெள்ளை வெளேரென்று புது மரம்! "போலின்னு கேஸ் போட்டுக்கங்க. கொலைக் கேஸ்ல மட்டும் இழுக்காதீங்க!"

சார்ஜென்ட் அலுத்துக்கொண்டார். "பாத்தீங்களா வில்மா? இவன் வெறும் டூப்ளிகேட் ஆசாமி."

"தெரியும்," என்றாள் வில்மா. நான்கு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். "ஒரே ஒரு கேள்வி க்ளிஃப்டன்... எதைப் பாத்து செஞ்சே?"

க்ளிஃப்டனின் பார்வை வாசல் பக்கம் ஓடியது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"வழிஞ்ச பசையைக்கூட விடாம காப்பி அடிச்சிருக்கே. அதை ஒட்டினது கொலைக்கு முந்தின மத்தியானம். சாயங்காலம் லீலண்ட் கைக்குப் போச்சு. விடியறதுக்குள்ள அவர் பிணம், கிடார் மாயம். திருடினவனைத் தவிர அந்தக் கிடாரோட வயித்துக்குள்ள எட்டிப் பாத்தவன் யாருடா?"

க்ளிஃப்டன் பாய்ந்தான்! சார்ஜென்ட்டின் பிடி அதைவிட வேகம். விலங்கு பூட்டிக்கொண்டது.

"எத்தனையோ தடவை கெஞ்சினேன்... விக்கவே மாட்டேன்னுட்டான் கிழவன்..." என்று முனகினான் க்ளிஃப்டன்.

அவனைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிவந்தார் சார்ஜென்ட். தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுடுங்க வில்மா. நோலனை நானே கூட்டிட்டு வரேன். ஆனா ஒரு சந்தேகம். ஊர்லயே பேர் போன கடை உங்களுது... ஒட்டு மட்டும் ஏன் அவ்வளவு கேவலம்?"

வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். நோலன்தான் ஒட்டினான். அந்தத் தறுதலை மட்டும் வேலையை ஒழுங்கா செஞ்சிருந்தா... ஆயுசு பூரா உங்க ஜெயில்லயே கிடந்திருப்பான் சார்ஜென்ட்!"