விளக்கு அணைந்த தொட்டி

ஆகஸ்ட் 18, 2094. புதன்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். காலையில் நான்காம் தொட்டிக்குப் பால் கொடுத்துவிட்டேன். அதன் விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாத தொட்டிக்குப் பால் கூடாது என்பது நாங்கள் வேலை கற்கும் மாலை வகுப்பின் முதல் பாடம். எனக்குத் தெரியாததல்ல. கை போய்விட்டது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது எங்கே பிசகினேன் என்று புரியலாம்.

பாளையங்கோட்டை வளர்கூடத்தில் என் காலை வேலை, கண்ணாடித் தொட்டிகளின் முன்னால் உட்கார்ந்து ரப்பர் குமிழை அழுத்துவது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குழந்தையின் உணவுக்குழாய் வளர்கிறது. வளர்குழல் என்கிறோம். சில குழந்தைகள் உணவுக்குழாய் பாதியில் அடைபட்டுப் பிறக்கின்றன. பிறந்தவுடன் வாயில் நுரை தள்ளும். மெல்லிய டியூப்பை வாய்வழியே விட்டால் நெஞ்சுக்குப் போகுமுன் முட்டி நிற்கும். எக்ஸ்ரேயில் அந்த டியூப் ஒரு மூடிய பைக்குள் சுருண்டு கிடப்பது தெரியும். இத்தனை கருவிகள் வந்த பிறகும் கண்டுபிடிக்கும் வழி அந்தப் பழைய வழிதான். முன்பெல்லாம் இரண்டு முனைகளையும் இழுத்துத் தைப்பார்களாம். இடைவெளி அதிகமானால் இரைப்பையையே மேலே இழுத்துவிடுவார்களாம். இப்போது குழந்தையின் செல்களிலிருந்தே குழலை வளர்த்துப் பொருத்துகிறோம். அதுவரை வயிற்றில் போட்ட துளை வழியாகத்தான் பால்.

ஆனால் வளர்ந்த குழலுக்கு விழுங்கத் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டும். இயந்திரம் ஒரே சீராகச் சொட்டவிட்டால், நிஜக் குழந்தையின் வாயோடு சேரும்போது குழல் குழம்பிப்போகிறது. அதனால் மேல்மாடியில் குழந்தை ரப்பர் சூப்பானை இழுக்க இழுக்க, இங்கே அதன் தொட்டியின் விளக்கு மினுங்கும். மினுங்கும்போது குமிழை அழுத்த வேண்டும். தாயின் பால் துளித்துளியாக இறங்கும். குழல் மெல்ல இறுகி அதைக் கீழே தள்ளும். அந்த அசைவுக்கு அலை என்று பெயர்.

நான்காம் தொட்டி பேச்சித்தாயின் மகனுடையது. மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு அவசரமாக இன்னொன்று. என் கைக்கு அது மனப்பாடம். இத்தகைய குழந்தைகளில் சிலருக்கு இதயத்திலும் குறை இருக்கும். அவனுக்கு இருந்தது. நேற்று மாலை அவன் இறந்துவிட்டான்.

எனக்கும் அது தெரியும். தெரிந்தும், விளக்கைப் பாராமல், மூன்று அழுத்தி நிறுத்திப் பிறகு ஒன்று அழுத்தினேன். குழல் விழுங்கியது.

எஸ்தர் சிஸ்டர் பார்த்துவிட்டார். கூடத்துக்குப் பொறுப்பு அவர்தான். நான் எல்லாவற்றையும் குறித்துவைப்பதைக் கண்டால், "நீ எழுதுத எழுத்துக்குத் தனியா ஒரு கட்டடம் கட்டணும்ட்டி" என்று சிரிப்பவர். இன்று சிரிக்கவில்லை.

"ஏட்டி கோமு, விளக்கு அணைஞ்சு கெடக்கு. யாருக்குக் குடுக்க?"

குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

வளர்குழலும் குழந்தையின் உடல் என்பது சட்டம். குழந்தை இறந்தால் பால் நிறுத்தி, குழலை உடலோடு சேர்த்துப் புதைக்கக் கொடுத்துவிட வேண்டும். பால் நின்ற குழலில் ஓர் இரவு தாண்டினால் அலை நின்றுவிடும். நின்றால் பிறகு வராது. அலையுள்ள குழலில், வேற்றுடல் ஏற்காமல் தள்ளும் அடையாளத்தை நீக்கி இன்னொரு குழந்தைக்குப் பொருத்தலாம். ஆனால் தாய் தானாகச் சொல்ல வேண்டும். யாரும் கேட்கக் கூடாது, குறிப்பும் காட்டக் கூடாது.

இரண்டாம் தொட்டி ஜெபசெல்வியின் மகளுடையது. அதில் அலை வரவே இல்லை. பால் விட்டால் வாய்க்கால் தண்ணீர்போல வழிந்துபோகிறது. எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி அந்தக் குழந்தைக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. இன்னொரு குழல் வளரும்வரை அது தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மதியத்துக்கு முன் பேச்சித்தாய் குழலை வாங்க வந்தாள். கணவர் கீழே வண்டியில் குழந்தையை மடியில் வைத்துக் காத்திருந்தார். மாலைக்குள் அடக்கம். அவள் ரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது. துண்டால் மூடியிருந்தாள்.

தொட்டியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். உள்ளே குழல் அசைந்துகொண்டிருந்தது.

"இது ஏம்மா இன்னும் அசையுது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். தவறிப் பால் கொடுத்துவிட்டேன் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவன் இழுத்த மாதிரியே கொடுத்தாயா என்று பேச்சித்தாய் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கண்ணாடியில் கையை வைத்தாள்.

"எம்புள்ள ஒரு வாய் பாலு முழுங்கலைல்லா" என்றாள். "இது முழுங்குதுல்லா."

பிறகு, மண்ணுக்குள் போனால் எவ்வளவு நேரம் அசையும் என்று கேட்டாள். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

வார்டில் ஜெபசெல்வியின் கட்டிலும் அவளுடையதும் பக்கத்துப் பக்கத்தில். கஞ்சியைப் பகிர்ந்து குடித்தவர்கள். இன்று காலையிலிருந்து ஜெபசெல்வி திரையை இழுத்து மூடிக்கொண்டு தன்னைப் பார்க்கவே இல்லை என்று பேச்சித்தாய் சொன்னாள். "பாத்தா கேட்டுருவமோன்னு பயந்திருக்கா, பாவம்."

அதன்பிறகுதான் அவள் தானாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கே வைத்துவிடச் சொன்னாள். கீழே போய்க் கணவரிடமும் பேசிவிட்டு வந்தாள். குழல் இல்லாமல் அவனைப் புதைத்தால் குறையாகாதா என்று அவர் கேட்டாராம். அவன் குறையோடுதான் வந்தான், அப்படியே போகட்டும் என்றாளாம்.

ஒன்றே ஒன்று கேட்டாள். ஒரு தடவை அவளே கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்தேன். குமிழின் மேல் அவள் கை, அதன் மேல் என் கை. மூன்று, நிறுத்தம், பிறகு ஒன்று. பால் இறங்குவதைக் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு அவசரமா குடிச்சிருப்பானோ" என்றாள்.

அதன்பிறகு போய்விட்டார்கள்.

மாலை வகுப்பில் என் காதில் எதுவும் விழவில்லை. யாரும் கேட்கவில்லை, சட்டம் மீறப்படவில்லை என்று சிஸ்டர் ஆறுதல் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் என் கை பிசகாமல் இருந்திருந்தால் அவள் வந்தபோது குழல் அசையாமல் கிடந்திருக்கும். அவள் மகனை முழுதாகக் கொண்டுபோயிருப்பாள். அந்த அசைவே அவளிடம் கேட்டுவிட்டது. அதை உண்டாக்கியது நான். ஜெபசெல்வியின் மகள் பிழைத்தால் இந்தத் தவறு சரியாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போதுகூட இடது கை மேசையில் மூன்று தட்டி நிற்கிறது.

நாளைய வேலை: நான்காம் தொட்டியின் விளக்கை ஜெபசெல்வி மகளின் சூப்பானோடு இணைக்க வேண்டும். அவள் இரண்டு இழுத்து, நீண்ட நேரம் நிறுத்துகிறாள். பழைய தாளத்தைக் குழல் மறக்க வேண்டும். ஜெபசெல்விக்கும் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டதால், பேச்சித்தாய் காலையில் கொடுத்தனுப்புவதாகச் சொன்ன பாலை வாங்கிவைக்க வேண்டும். விளக்கைப் பார்த்து மட்டுமே அழுத்த வேண்டும்.