குரலில் சிரிப்பு வேண்டும்

வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வேறு யாரோ மூச்சு விட்டார்கள்.

மதியம் இரண்டேகால் மணி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கலாம். ஜன்னலே இல்லாத அந்தக் கால் சென்டர் ஹாலுக்கு இரண்டும் ஒன்றுதான். படியேறி வரும்வரை சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம், கதவைத் தாண்டினால் பல் கிட்டிக்கும் குளிர். ஹெட்செட்டில் வழக்கமான பீப் ஒலித்தது. அதற்கடுத்த அரை நொடி மௌனத்துக்குள், சைக்கிள் டியூபில் ஊசி ஓட்டை வழியாகக் காற்று இறங்குவதைப் போல மெல்லிசாக ஒரு விசில். உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது நீளமாக இன்னொன்று. அப்புறம்தான் அந்த மனிதர், "ஹலோ, மோடத்துல சிவப்பு லைட் எரியுதும்மா" என்றார்.

"கவலைப்படாதீங்க சார், இப்பவே பாத்துடலாம்" என்றாள் வயரு, குரலில் சிரிப்போடு.

யார் ஹெட்செட் கெட்டாலும் வயரைப் பல்லால் சீவி ஒட்டுப்போட்டுக் கொடுப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. மகள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொழுது விடிந்தால் கண்டவனிடமெல்லாம் திட்டு வாங்கும் வேலை என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடி வயரு சர்க்யூட் வரைபடங்களைப் படிப்பாள். மாடியில் இருக்கும் டெக் டீமுக்குப் போக வேண்டும். கத்தாத மனிதர்களோடு, ஜன்னல் இருக்கும் ஓர் அறையில், இயந்திரங்களோடு மட்டும் பேசி வாழ வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆகவே அவள் பயப்படவில்லை. யோசித்தாள். குரல் என்பது என்ன? ஒரு நொடியை ஐம்பது துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு நம்பர் போட்டு அனுப்புவது. நாலு துண்டு தொலைந்தால் கரகரக்கும். தாமதமானால் எதிரொலிக்கும். விசில் கேட்டால் எங்கோ வயர் உரசுகிறது.

ஒவ்வொரு போன் கால் முடிந்ததும் குறிப்பு எழுத முப்பது நொடி கொடுப்பார்கள். அந்த முப்பது நொடியில் வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினாள். அடுத்த பீப். விசில், இம்முறை இன்னும் கிட்டத்தில். அடுத்த முப்பது நொடியில் வலப்பக்கத்துப் பெண்ணிடம் ஹெட்செட்டை மாற்றிக்கொண்டாள். சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, எல்லோருக்கும் அவள் 'புதுசு'.

"அக்கா, உங்களுக்குச் சளியா?" என்றாள் புதுசு, ஹெட்செட்டைக் காதில் வைத்தவுடன்.

"ஏன்டி?"

"காலையிலேர்ந்து நீங்க பேசும்போதெல்லாம் கூடவே ஈளை இழுக்குது. நைட்டு பூரா ஐஸ் கட்டிமேலயா படுத்திருந்தீங்க?"

வயரு சிரிக்கவில்லை. ஸ்வெட்டரின் இடது கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள். மூன்று வாரமாக அவளுக்கு அந்தப் பழக்கம். இத்தனை குளிரிலும் இடது கை மட்டும் மூடியிருக்கக் கூடாது.

ஈளை என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை.

இடப்பக்கத்து இருக்கையில் இருந்தவள் மைனா. எந்த வாடிக்கையாளர் எப்படிப் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். கேட்டால் வயிறு புண்ணாகிவிடும். அவளுக்கு மூச்சிரைப்பு. இங்கே மேஜைமேல் எதுவும் இருக்கக் கூடாது. போன், பேனா, பை, தண்ணீர் பாட்டில் எல்லாமே வாசலில் லாக்கருக்குள். வாடிக்கையாளர் விவரங்களைத் திருடிவிடுவார்களாம். மைனாவின் இன்ஹேலரும் லாக்கரில்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மதியத்தில், கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைனா மேஜையில் கவிழ்ந்தாள், பிறகு எழவேயில்லை. லாக்கர் இருபத்திரண்டு அடி தூரம். பிற்பாடு வயரு அளந்து பார்த்தாள்.

மைனாவின் அம்மா வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "எம்பொண்ணு லாக்கருக்குப் போகணும்னு கேக்கவே இல்லையாமே? நீ பக்கத்து சீட்டுதானேம்மா. உனக்குக் கேட்டிருக்குமே?"

"நான் கால்ல இருந்தேம்மா. கவனிக்கல" என்றாள் வயரு.

மைனா கேட்டாள் என்று வயருவுக்குத் தெரியும். கேப்டனுக்கும் தெரியும். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் டீம் லீடர்தான் கேப்டன். அப்படிக் கூப்பிட வைத்ததும் அவனேதான். ஏஜென்ட் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் காதுக்குள் மட்டும் அவன் பேசலாம், வாடிக்கையாளருக்குக் கேட்காது. ஹாலில் அதற்குப் பெயர் கிசுகிசு லைன். "பாப்பா, குரல்ல சிரிப்பு கேக்கல. சிரி." பெண்கள் சிரிப்பார்கள். வேறென்ன செய்வார்கள்? கிசுகிசு லைன் பதிவானது தனி ஃபைலில். மைனா விழுந்த அன்றைய ஃபைல் நாற்பத்தேழு நொடி. அதை எப்படி அழிப்பது என்று கேப்டனுக்குத் தெரியாது. வயருவுக்குத் தெரியும்.

"அழிச்சுடு பாப்பா. அடுத்த மாசம் நீ மாடியில. கேப்டன் வாக்கு."

கேட்டுக்கூடப் பார்க்காமல் அழித்தாள்.

பீப். விசில். "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

விசில் இப்போது இடது காதில் மட்டும். கூடவே ஒரு வாசனை: இனிப்பு கலந்த மருந்து, பிளாஸ்டிக். மைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வரும் அதே வாசனை.

முப்பது நொடி. திரையில் கால்களின் பதிவேட்டைத் திறந்தாள். அவளுடைய லைனில் காலையிலிருந்து யாரோ கிசுகிசுவில் இருக்கிறார்கள். கேப்டன்தான், வேறு யார்? எந்த இருக்கையிலிருந்து என்று பார்த்தாள். நாற்பத்திநாலு.

அவள் இருக்கை நாற்பத்தைந்து.

மெதுவாக இடப்பக்கம் திரும்பினாள். காலி நாற்காலி, அணைந்த திரை. அந்த இருக்கையின் கேபிளை மூன்று வாரத்துக்கு முன்னால் பிடுங்கியது அவளேதான். அறுந்த வால் மாதிரி அது தரையில் கிடந்தது. மூன்று வாரம் தாமதமாக எந்தத் துண்டும் வந்து சேராது. எந்த நெட்வொர்க்கிலும்.

பீப். "வணக்கம்..." எப்படியோ பேசி முடித்தாள்.

முப்பது நொடி. பதிவுகள் இருக்கும் போல்டர். அழித்த ஃபைல் அங்கே இருந்தது. அதன் நீளம் நாற்பத்தேழு நொடி இல்லை. இருபத்தொரு நாள், சில நிமிடங்கள். நொடி எண் அவள் கண்முன்னாலேயே கூடிக்கொண்டிருந்தது. இன்னும் பதிவாகிறது.

ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள்.

"சார்... மூச்சு... லாக்கர்ல இன்ஹேலர்..."

"கஸ்டமர் லைன்ல இருக்காரு. சிரிச்சுக்கிட்டே முடிச்சுட்டுப் போ பாப்பா."

விசில். விசில். பின்னணியில், அடுத்த இருக்கையிலிருந்து, உற்சாகமாக ஒரு பெண் குரல்: "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" வயருவின் குரல். அதோடு துணி உரசும் சத்தம். யாரோ ஒரு ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. பிறகு அந்தக் கையை உதறிவிடும் சத்தம்.

யாரிடமும் அவள் சொல்லாதது அதுதான். தனக்குத்தானேகூட. அன்றைக்கு ஒரு காலுக்கு அவள் எடுக்கும் சராசரி நேரம் நாலு நொடி அதிகமாகியிருந்தது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

கண்ணாடி அறையில் ஏதோ அசைந்தது. கேப்டன் எழுந்து நின்றிருந்தான். தலையில் ஹெட்செட். வாய் நிறையச் சிரிப்பு. கண்கள் சிரிக்கவில்லை. உதடுகள் விடாமல் அசைந்தன. இரண்டு வருடமாக அவளே தினம் சொல்லும் வாக்கியம், தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. வேற ஏதாவது உதவி வேணுமா. வேற ஏதாவது உதவி வேணுமா. ஹெட்செட்டைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. முகம் சாம்பலானது. உதடுகள் நீலமாயின. சிரிப்பு அப்படியே.

வயரு பாதி எழுந்துவிட்டாள். பீப்.

"கஸ்டமர் லைன்ல இருக்காங்க" என்றது இடது காது. கேப்டனின் குரல். மைனா பேசிக் காட்டும் கேப்டனின் குரல்.

நாற்பது பேர் இருந்த ஹாலில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பயத்துக்கு அடியில் சூடாக ஒன்று கிடந்தது. சாகட்டும். சிரிச்சுக்கிட்டே சாகட்டும். அவள் உட்கார்ந்தாள். மோடத்தை அணைத்துவிட்டுப் பத்து நொடி கழித்துப் போடும்படி யாரோ ஒரு பெரியவருக்குச் சொன்னாள். குரலில் சிரிப்பு இருந்தது. நிஜமான சிரிப்பு. கண்ணாடியில் நகங்கள் கீறி இறங்கும் சத்தத்தை முழுசாகக் கேட்டாள்.

கால் முடிந்தது.

மைனா, போதுமா? கணக்கு தீர்ந்ததா?

பதில் இல்லை. விசிலும் இல்லை. காதுக்குள் சுத்தமான அமைதி.

மூச்சை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். நெஞ்சுக்குள் கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய ஒரு விசில். அவள் தொண்டையிலிருந்து.

பீப். "ஹலோ? ஹலோ? லைன்ல யாராவது இருக்கீங்களா?"

"சிரி" என்றது இடது காது.

வாய் தானாக விரிந்தது. கன்னம் வலிக்க வலிக்க விரிந்தது. ஹெட்செட்டுக்குப் போன வலது கை பாதியில் நின்றது. கண் ஓரங்களில் இருட்டு. மேஜைமேல் எதுவும் இல்லை. பேனா இல்லை. தண்ணீர் இல்லை. இருபத்திரண்டு அடி.

யாராவது. ஒரே ஒரு ஆள்.

இடது கை நீண்டது. துழாவியது. துணி தட்டுப்பட்டது.

கம்பளித் துணி. ஐஸாகக் குளிர்ந்திருந்தது. உள்ளே ஒரு கை இருந்தது.

பிடித்து இழுத்தாள். ஒரு தடவை. இரண்டாம் தடவை.

காலி நாற்காலியில் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஈயை விரட்டுவது போல வயருவின் கையை உதறிவிட்டு, அவளுடைய குரலிலேயே, நிறையச் சிரிப்போடு சொன்னாள்:

"வேற ஏதாவது உதவி வேணுமா?"