கறுப்புப் பொத்தான்

முதல் ஊரின் படகுத்துறையில், துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சட்டைக்கு மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பாக இருந்தது.

தையல்காரி நின்றுவிட்டாள். ஆற்றோரமாகவே ஸ்கூட்டரில் போய், நான்கு சின்ன ஊர்களை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என்று கணவன் திட்டம் போட்டிருந்தான். ஒன்பது வருடத்தில் அவள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய முதல் நாள். இந்தப் பயணத்துக்காகவே நேற்று அவனுக்கு ஒரு சட்டை தைத்தாள். வெள்ளைப் பொத்தான் ஒன்று குறைந்தது. கையில் கிடைத்த கறுப்பை வைத்துத் தைத்துவிட்டாள். அதைத்தான் அவன் இப்போது போட்டிருந்தான்.

கொடியில் கிடந்த சட்டையின் காலரைத் திருப்பினாள். அடியில், நீல நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அவள் மட்டும் போடும் அடையாளம்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் கண்ணைப் பொத்தின. அலறிவிட்டாள். கணவன்தான். கடையில் அவள் குனிந்து தைக்கும்போதும் இதே வேலைதான் அவனுக்கு.

"லீவு விட்டாலும் கை துணிகிட்டயே போகுது பாரு. அடுத்தவன் சட்டை, விடு."

"இது உங்க சட்டைங்க."

"என் சட்டை என் மேல இருக்கு. வேணும்னா தொட்டுப் பாரு, கூச்சப்படாதே."

கொடியின் மறுமுனையில், வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்வியபடி ஒரு பெண் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது ஊரில், டீசலும் மீன் செதிலும் நாறிய நீண்ட சந்தின் முடிவில், பாசி படிந்த சுவருக்கு மேலே கட்டியிருந்த கொடியில், காற்றே இல்லாத வெயிலில், அதே சட்டை ஈரமாகத் தொங்கியது. முதல் ஊரில் மடிப்பில் மறைந்திருந்த வயிற்றுப் பக்கத்தில் ஏழு கிழிசல். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு இழை வெளியே இழுபட்டிருந்தது. அந்த மாதிரிக் கிழிசலை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்றுதான் நினைவுக்கு வரவில்லை. கிளிப்புகளைக் கவ்விய அதே பெண் அங்கேயும் நின்றாள். வழியில் ஒரு வண்டிகூட அவர்களை முந்தவில்லை.

மூன்றாவது ஊரில் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சிமென்ட் தரை சிவந்திருந்தது. இரும்பின் வாடை.

"சட்டையைக் கழட்டுங்க."

"நடுரோட்டுலயா? ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் என்ன ஆவாங்க?"

"கழட்டுங்கன்னா!"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது. எதிர்க்கடையில் ஒரு மஞ்சள் சட்டை வாங்கி மாட்டிவிட்டாள். பழையதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவனைக் கொல்ல ஒருவன் வரப்போகிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சட்டை அவன் உடம்பில் இல்லையென்றால் அது நடக்காது.

"வீட்டுக்குப் போயிடலாங்க."

"வீட்டுக்குப் போற பாலமே அடுத்த ஊர்லதான் இருக்கு. இரு, ஹெல்மெட்டைக் கடையில விட்டுட்டேன்." ஓடிப்போய், ஹெல்மெட்டும் கையில் ஒரு பையுமாகத் திரும்பி வந்தான்.

நான்காவது ஊரை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தடியில் வண்டியை நிறுத்தினான். "முகம் கழுவிட்டு வர்றேன். ரெண்டே நிமிஷம்" என்று படித்துறைப் பக்கம் இறங்கினான்.

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். நூல் வெட்டும் சின்னக் கத்தரி. போன மாதம் கீழே விழுந்து முனை உடைந்தது. கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

தண்ணீர் கல்லில் மோதியது. எங்கோ படகுக் கயிறு முனகியது. எதிரே ஒரு துணிக்கொடி. காலியாக இருந்தது. அதனருகே அந்தப் பெண்.

பின்னால் காலடி. மெதுவாக. ஒளிந்து வருகிற காலடி.

ஈரக் கைகள் அவள் கண்ணை மூடின.

குத்தினாள். திரும்பாமலே, பின்னோக்கி. சூடாக எதுவோ மணிக்கட்டில் வழிந்தது. மறுபடி. மூச்சு ஒன்று அவள் காதில் உடைந்தது. மறுபடி. எலும்பு தட்டியது. உருவினாள். மறுபடி. மறுபடி. மறுபடி. மறுபடி.

கைகள் நழுவின.

திரும்பினாள். அவன் முழங்காலில் இருந்தான். மஞ்சள் சட்டை தோளில் கிடந்தது. உடம்பில் பழையது.

"நீ தெச்சதாச்சே..." என்றான். வாயோரம் நுரைத்தது. "குப்பையில விட்டுட்டு வர... மனசு..."

சரிந்தான்.

ஏழு கிழிசல். ஒவ்வொன்றிலும் ஒரு இழை, உடைந்த முனையில் மாட்டி வெளியே வந்திருந்தது. கடையில், வெட்டுத் துணிகளில் ஒரு மாதமாக அவள் பார்த்துவரும் கிழிசல்.

அந்தப் பெண் வாயிலிருந்து கிளிப்புகளை எடுத்தாள்.

"சீக்கிரம் கழட்டிக் குடும்மா. மூணு ஊரு போகணும். இன்னிக்குக் காலையில முதல் ஊர்ல காஞ்சிருக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் விரல்கள் ஏற்கெனவே அவன் நெஞ்சில் இருந்தன.

ஒன்று.

இரண்டு.

கறுப்பு.