தலைவைத்த பக்கம்

மீன்கள் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே மழை பிடித்துக்கொண்டதில் ஹாலில் விளக்குப் போடும்படி இருட்டிவிட்டது. மனைவியும் மகளும் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, இதுவரை எத்தனை செத்திருக்கின்றன என்று பார்க்கத்தான் மீன்தொட்டிப் பக்கம் திரும்பினார். ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்கே எரிச்சல் வந்தது. பிறகுதான் தலைகளைக் கவனித்தார்.

தொட்டியின் இடது மூலையில் மோட்டார். தண்ணீர் அங்கிருந்து பீறிட்டு வலது பக்கம் ஓடும். அந்த மீன்கள் எந்நேரமும் மோட்டாருக்கு முகம் காட்டியே கிடக்கும். இன்று எல்லாம் ஒன்றுபோல வலது பக்கம், சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மீன் என்றால் ஒரு துள்ளுத் துள்ள வேண்டாமா, கொஞ்சம் கலர் காட்ட வேண்டாமா? இவை விரல் நீளம், சேற்று நிறம், அயிரை மாதிரி ஏதோ ஒன்று. மைத்துனன் ஏதோ ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டிப் புரட்டி வலையில் அள்ளிவந்தவை. வயிற்றைக் கூழாங்கல்லில் ஒட்டவைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கிடக்கும். வாய் அடிப்பக்கம், வெளியே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, “மீன் இன்னும் வாங்கலையா?” என்று கேட்பார்கள். மேனேஜருக்கு மானம் போகும்.

வளர்க்கிறவனும் அதே ரகம்தான். வேலை கிடைக்கிறவரைக்கும் என்று ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், அப்படியே அடியில் தங்கிவிட்டான். மேனேஜர் அவனுக்கு வண்டல் என்று பெயர் வைத்தார். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார். ரோஷப்பட்டுக் கிளம்பிப் போவான் என்று பார்த்தால், சிரிப்பான். சிரிக்கிற ஜென்மத்தை என்ன செய்ய முடியும்?

“அவன் பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கான். வாயில்லாப் பூச்சி. உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்பாள் மனைவி.

“வாயில்லாமதான் மூணு வேளையும் இறங்குதா?”

மேனேஜர் டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர். தரையை விற்றுப் பிழைக்கிறவருக்குத் தரையோடு கிடப்பவற்றின்மேல் அத்தனை இளக்காரம். வீட்டு ஹாலில் போட்டிருந்தது கடையிலேயே உசத்தியான சரக்கு, குனிந்தால் முகம் தெரியும். ‘இதுல எதுவுமே ஒட்டாது சார்’ என்று வாடிக்கையாளர்களிடம் அவர் தட்டிக் காட்டுகிற அதே டைல்ஸ். அதன்மேல் மூன்று வருஷமாக ஒருத்தன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை அவர் கேட்டதுண்டு. “ஏண்டா வண்டல், எல்லாம் ஒரே பக்கம் பாக்குதே, அங்க என்ன சினிமாவா காட்டறே?”

“ஓட்டம் எங்கேருந்து வருதோ அங்கேருந்துதான் அத்தான் சாப்பாடு வரும். அதனால தலை அந்தப் பக்கம். வாயைத் தொறந்துக்கிட்டு சும்மா காத்திருக்கும்.”

“உன்னை மாதிரின்னு சொல்லு.”

அதற்கும் சிரித்தான். பிறகு, தொட்டியைத் துடைத்துக்கொண்டே, “இதுங்க இருக்கிற இடம்தான் அத்தான் எனக்கு வீடு” என்றான். மேனேஜர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இதுங்க போனால் அவனும் போவான். வீடு மறுபடி தன்னுடையதாகும்.

நேற்று வண்டல் வெளியூரில் ஒரு இன்டர்வியூவுக்குக் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “மோட்டாரை மட்டும் நிறுத்திடாதீங்க அத்தான். ஓட்டம் நின்னா தாங்காது” என்றான்.

“உன் தொட்டிப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். போயிட்டு வா.”

இன்று காலை பல் தேய்ப்பதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மகள் வந்து பார்த்தாள். உலகத்தில் மேனேஜர் இளக்காரமாகப் பார்க்காத ஒரே உயிர் அவள்தான்.

“அப்பா, மோட்டார் ஏன் ஓடல?”

“கரண்ட் இல்லடா குட்டி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஃபேன் சுத்துதே.”

“அது வேற கரண்ட்.”

நம்பிவிட்டாள். அப்பா சொன்னால் சரிதான் என்று நம்புகிற வயசு. அது கொஞ்சம் உறுத்தியது, காபி குடித்ததும் சரியாகிவிட்டது.

இப்போது அவர் எழுந்து, சோபாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கல்லில் ஏதோ உரசுகிற மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். தலைகளும் நகர்ந்திருந்தன. ஆடை படிந்த பால் மாதிரித் தண்ணீர் அசைவில்லாமல் நின்றது, அதற்குள் அத்தனை மொட்டைத் தலைகளும் அவருக்கு நேராக நின்றன. பசிக்கிறது போலிருக்கிறது, ஆளைப் பார்த்துப் பிச்சை கேட்கின்றன, வளர்ப்பு அப்படி என்று சொல்லிக்கொண்டார். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் போட்டது. திரும்பி வந்தபோது மீன்கள் சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் ஒரு துண்டை எடுத்துத் தொட்டியின்மேல் போர்த்தினார். பயத்தினால் அல்ல, பார்க்கச் சகிக்காமல்தான் என்று அவரே அவருக்கு விளக்கம் கொடுத்தார். விரல் நீளப் பிராணிக்குப் பயப்படுகிற ஆளா அவர்?

மழை வாசனையோடு இன்னொரு வாசனையும் ஹாலில் ஏறியிருந்தது. புரட்டிப்போட்ட கல்லின் அடியில் இருக்குமே, பாசியும் ஈர மண்ணும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை, அது. கால்விரல்களைச் சுற்றி ஏதோ சில்லென்று நகர்ந்தது. குனிந்து தடவிப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. ஆனாலும் அந்தச் சில்லிப்பு அவர் பாதத்திலிருந்து கிளம்பி, கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, தொட்டியின் பக்கமும் படுக்கையறைக் கதவின் பக்கமும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. சோபாவுக்கு அடியிலிருந்த ஒரு தூசித் துணுக்கு மெல்லப் புரண்டு புரண்டு, அவரைவிட்டு விலகிப் போனது. ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டார்.

மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. பிளக்கைச் செருகி ஸ்விட்சைத் தட்டினார். அதே நேரம் விளக்கு அணைந்தது. ஃபேன் முனகி நின்றது. காலையில் சொன்ன பொய் சாயங்காலம் பலித்துவிட்டது.

இருட்டில் துண்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். ப்ச். ப்ச். யாரோ ஈர உதட்டைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவது போல.

மைத்துனனுக்கு அவராகப் போன் செய்தது அன்றுதான் முதல் தடவை.

“டேய், உன் மீனுக்கு என்னடா ஆச்சு? எல்லாம் ஒரு மாதிரி பாக்குது.”

“மோட்டாரை நிறுத்தினீங்களா அத்தான்?”

“கரண்ட் போயிடுச்சு.”

“தலை எந்தப் பக்கம் இருக்கு?”

சொல்ல வெட்கமாக இருந்தது. “என் பக்கம். எங்க போனாலும் என் பக்கம்.”

“அப்போ ஓட்டம் உங்ககிட்டேருந்து வருது.” வண்டல் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததை மேனேஜர் இதற்குமுன் கேட்டதே கிடையாது. “அக்காவும் பாப்பாவும் எங்க?”

“உள்ள தூங்கறாங்க.”

“எந்தப் பக்கம் தலைவச்சு?”

“என்ன கேள்விடா இது?”

“போய்ப் பாருங்க அத்தான். கிட்டப் போகாதீங்க. வாசல்லேருந்து பாருங்க.”

போனை வைத்துவிட்டார். சோறு போட்ட வீட்டுக்காரனிடம் பேசுகிற பேச்சா இது? காலையில் வரட்டும், பையைத் தூக்கி வெளியே எறிந்துவிடலாம். அப்படித் திட்டிக்கொண்டே போனின் வெளிச்சத்தைப் பிடித்தபடி படுக்கையறைக் கதவைத் தள்ளினார். அவர் பாதத்திலிருந்து ஓட்டம் அவரை முந்திக்கொண்டு உள்ளே போனது.

கட்டில் காலி.

இருவரும் தரையில் இருந்தார்கள். குப்புற. வயிறும் கன்னமும் டைல்ஸில் அழுந்தியிருக்க, கைகள் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி விரிந்திருக்க, தலை வாசலைப் பார்த்து. மனைவியின் கூந்தல் பின்னால், கால் பக்கமாக நீண்டு, காற்றில்லாத அறையில் அலைந்துகொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

“குட்டி?”

ஓர் அடி இடது பக்கம் வைத்தார். ப்ச். இரண்டு தலைகளும் இடது பக்கம் திரும்பின. வலது பக்கம் வைத்தார். ப்ச்.

வாசல் கதவு பின்னால்தான் இருந்தது. ஓடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுகிற மனுஷர்தான். ஆனால் கிடப்பது குட்டி. வண்டல் சொன்னதை மறந்து உள்ளே போய், மண்டியிட்டு, மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

வரவில்லை.

இழுத்தார். தோல் இழுபட்டது. உடம்பு அசையவில்லை. எதுவுமே ஒட்டாத டைல்ஸ். அவள் உடம்பு தவளை மாதிரி ஜில்லென்றிருந்தது.

“குட்டி, நான்தாண்டா அப்பா. அப்பா வந்திருக்கேன். விடுடா.”

அவர் பாதத்திலிருந்து ஓட்டம் வேகமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. முழங்கால் மரத்துப்போனது. ஏதோ ஒன்று அவருக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. ஹாலில் துண்டு தரையில் விழும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ப்ச், ப்ச் என்று மனைவியின் தலை அவர் காலுக்கு நெருங்கி வந்தது.

போன் கைநழுவி விழுந்தது. வெளிச்சம் பளபளத் தரையில் பட்டுத் தெறித்தது. தரைக்கும் மகளின் கன்னத்துக்கும் நடுவே, அடிப்பக்கமாக, அதுவரை தெரியாதிருந்த அவள் வாய் தெரிந்தது.

மெல்லத் திறந்து மூடியது. திறந்து மூடியது.

திறந்தது.